பச்சை ஒயர்

அம்மையார்குப்பம்
4.3.2024

திரு. ஆதிகேசவன் அவர்களுக்கு,

சிங்காரம் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே என் அக்கா பிரபாவதி சுகமாக இருக்கிறாளா என்று அறிய விருப்பம். வேறு யாருடைய சுகத்தையும் நான் விசாரிக்கவில்லை.

போன மாதம் உங்களுக்கு ஆறு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. அக்காவிடம் கேட்டால், "பேசணும்னா காயிதத்துல எழுதிப் போடச் சொல்லு, வாய்ப்பேச்சே வாணாம்" என்றீர்களாம். பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடும் திருத்தணிக்குத் தபால் எழுதுகிறவன் இந்தப் பக்கத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். இருக்கட்டும்.

விஷயம் இதுதான். தறி ஓட்டுவது போக நான் கச்சேரிக் குழுவில் கிதார் வாசிப்பது உங்களுக்குத் தெரியும். ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் எங்களுக்கு மேடை இருக்கிறது. அதற்காக, பழைய ரேடியோவில் இருக்குமே கண்ணாடி வால்வு, அது போட்ட ஆம்ப்ளிஃபயர் ஒன்றை நானே செய்துகொண்டிருக்கிறேன். வால்வு, ஸ்பீக்கர், பெட்டி எல்லாம் தயார். பாக்கி இருப்பது பவர் டிரான்ஸ்பார்மர். வீட்டுக் கரண்டை வாங்கி வால்வுக்கு முந்நூறு வோல்ட்டும், அது சூடேற ஆறு வோல்ட்டும் தர வேண்டும். என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று, அரக்கோணம் காயலான் கடையில் கிடைத்த ரேடியோ டிரான்ஸ்பார்மர். இன்னொன்று, வீட்டில் சும்மா கிடக்கும் ஸ்டெபிலைசருக்குள் இருப்பது. இதில் எதைப் போடலாம்?

மோட்டார் காயில் கட்டுகிறவர்களில் இந்தக் கணக்குத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்கிறார்கள். வேறு வழியில்லாமல் கேட்கிறேன். காரணத்தோடு பதில் எழுதவும்.

சிங்காரம்


திருத்தணி
21.3.2024

மச்சான் சிங்காரத்துக்கு,

உன் அக்கா சுகம். முட்டி வலி மட்டும் இருக்கிறது. மலைப்படி ஏறாதே என்றால் கேட்பதில்லை. நீ விசாரிக்காவிட்டாலும் நானும் சுகம். அத்தைக்கு சுகர் எப்படி இருக்கிறது?

காகிதத்தில் எழுதச் சொன்னது ஏன் என்று உனக்கே தெரியும். உன் நைனா, என் மாமா, தறி ஷெட்டில் மோட்டாரைத் தொட்டுக் கரண்ட் அடித்துப் போன மறுநாள், உனக்குப் போன் செய்து, "என் கையால போய்ட்டாரு மச்சான்" என்று அழுதேன். நீயும் என்னோடு அழுதாய் என்று நினைத்தேன். நீ அதை ரெக்கார்டு பண்ணி, பதினாறாம் நாள் சபையில் முப்பது பேர் நடுவில் போட்டுக் காட்டினாய். மோட்டார் காயில் கட்டினவனே ஒப்புக்கொண்டான் என்றாய். அன்றோடு உன் அக்காவுக்கும் எனக்கும் அந்த வாசல் இல்லாமல் போச்சு. இப்போது நான் எழுதுவதற்கு அடியில் பில் புத்தகத்துக் கார்பன் இருக்கிறது. நகல் என்னிடமும் இருக்கும்.

நீ கேட்டதற்குப் பதில். ரேடியோ டிரான்ஸ்பார்மர் ஒரு சின்ன ரேடியோவுக்குக் கட்டியது. உன் ஆம்ப்ளிஃபயர் அதைப்போல இரண்டு பங்கு கரண்ட் இழுக்கும். அரை மணியில் கை வைக்க முடியாமல் சுடும், ஒரு மணியில் வார்னிஷ் புகையும். ஸ்டெபிலைசரைத் தொடவே தொடாதே. அதில் இருப்பது ஒரே சுற்று. கரண்ட் ஆபீஸ் கம்பியும் உன் கிதார் கம்பியும் அதில் ஒன்றாகிவிடும். நீ தந்தியை மீட்டினால் அது உன்னை மீட்டிவிடும். இரண்டும் வேண்டாம். புதிதாகத்தான் கட்ட வேண்டும்.

இரண்டரை வருஷம் கழித்து என் ஞாபகம் வந்தது டிரான்ஸ்பார்மருக்காக மட்டும்தான் என்று நான் நம்பவில்லை.

ஆதிகேசவன்


அம்மையார்குப்பம்
30.3.2024

ஆதிகேசவன் அவர்களுக்கு,

இங்கே சுகம். அம்மாவுக்கு சுகர் கட்டுக்குள் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்துகினு, "மாப்ள சவுக்கியமான்னு ஒரு வார்த்தை எழுதேன்டா" என்கிறாள். அவள் கேட்டதாக எழுதுகிறேன். நான் கேட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

புதிதாகக் கட்டுவதென்றால் நீங்களே கட்டித் தர முடியுமா? சம்மதம் என்றால் எனக்கு முன்கூட்டியே சில விவரம் வேண்டும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் பேப்பர் எத்தனை மடிப்பு வைப்பீர்கள்? வார்னிஷில் முக்கி எத்தனை நாள் காய வைப்பீர்கள்? கட்டி முடித்ததும் கரண்ட் லீக் இருக்கிறதா என்று மெக்கர் மீட்டர் வைத்துப் பார்ப்பீர்களா, இல்லை சுற்றுகிறதே போதும் என்று அனுப்பிவிடுவீர்களா? அவசரத்தில் பார்க்காமல் அனுப்பியதுண்டா? நைனா போன அந்த 2021 ஐப்பசியில் உங்கள் கடையில் வேலை ரொம்ப அதிகமோ?

நீங்கள் நம்பவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நானும் உங்களை நம்பவில்லை.

சிங்காரம்


திருத்தணி
29.4.2024

சிங்காரத்துக்கு,

இங்கே வெயிலைத் தவிர மற்றபடி சுகம். அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்.

நீ டிரான்ஸ்பார்மர் கேட்கிறாயா, வாக்குமூலம் கேட்கிறாயா? ஒரு மாதம் பதிலே போடக் கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். உன் அக்கா, "அப்பிடி இன்னாதான் எழுதிக்கிறான், காட்டுங்களேன்" என்று நச்சரித்தாள். காட்டவில்லை.

பேப்பர் மூன்று மடிப்பு. வார்னிஷ் மூன்று நாள். மெக்கர் வைத்துப் பார்க்காமல் ஒரு மோட்டாரும் என் கடையை விட்டுப் போனதில்லை. மாமாவின் மோட்டாரும் அப்படித்தான் போனது. நம்புவது நம்பாதது உன் இஷ்டம்.

கட்டித் தருகிறேன். ஆனால் உன் ஊர் கரண்ட் ஒரு நிலையில் நிற்காது. தறியெல்லாம் ஒன்றாக ஓடினால் வோல்டேஜ் படுத்துவிடும், நின்றால் எகிறும். வால்வுக்கு அது ஆகாது. கரண்ட் உள்ளே போகும் சுற்றில் இருநூறு, இருநூற்று முப்பது, இருநூற்று ஐம்பது என்று மூன்று முனை எடுத்து ஒரு சுவிட்ச் வைக்கலாம். அதற்கு ஒரு வாரம் ஷெட்டில் மீட்டர் வைத்துப் பார்த்து எழுது. அப்படியே போர்டில் எர்த் ஒயர் மாட்டியிருக்கிறதா என்றும் பார். நீயே கண்ணால் பார்த்து எழுது.

ஆதிகேசவன்


அம்மையார்குப்பம்
12.5.2024

ஆதிகேசவன் அவர்களுக்கு,

சுகம். அக்காவின் முட்டிக்கு அம்மா தைலம் காய்ச்சி வைத்திருக்கிறாள். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

காலையில் ஆறு மணிக்கு இருநூற்று முப்பத்தைந்து. எட்டு மணிக்குத் தெரு முழுக்கத் தறி ஏறியதும் நூற்றுத் தொண்ணூற்று எட்டு. சாப்பாட்டு வேளையில் இருநூற்று இருபது. ஞாயிற்றுக்கிழமை இருநூற்று ஐம்பதைத் தாண்டி நிற்கிறது. நீங்கள் சொன்ன மூன்று முனையும் தேவைதான், ஒப்புக்கொள்கிறேன்.

போர்டில் எர்த் ஒயர் இருக்கிறது. அதை ஏன் கேட்டீர்கள் என்று தெரியவில்லை. அதனால் எனக்குத் தொல்லைதான். சின்ன ஆம்ப்ளிஃபயரை அந்த பிளக்கில் மாட்டினாலே "ஊம்" என்று ஒரு சத்தம் அடியில் ஓடிக்கினே இருக்கிறது. இதற்கு வைத்தியம் எனக்குத் தெரியும். முன்பும் செய்திருக்கிறேன். போர்டில் அந்த எர்த் ஆணியைத் தளர்த்தி ஒயரை வெளியே எடுத்துவிட்டால் சத்தம் கப்சிப். புது ஆம்ப்ளிஃபயர் வந்ததும் அப்படியே செய்துகொள்கிறேன். அதனால் அந்த ஹம் சத்தம் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

சிங்காரம்


திருத்தணி
16.5.2024

சிங்காரம்,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. நின்றுகினே எழுதுகிறேன். வாய்ப்பேச்சாகவே சொல்லிவிடலாம் என்று ஒன்பது முறை போன் போட்டேன். நீ எடுக்கவில்லை.

எர்த்தைத் தொடாதே. சத்தம் வந்தால் வரட்டும். சுற்றுகளுக்கு நடுவில் ஒரு செம்புத் தகடு வைத்து, அதிலிருந்து ஒரு பச்சை ஒயரை வெளியே விட்டுக் கட்டித் தருகிறேன். அதை எர்த்தோடு சேர்த்தால் ஹம் பாதிக்குமேல் குறையும். மீதிக்கு வேறு வழி சொல்கிறேன். போர்டில் இருக்கும் அந்த ஒரு ஒயரை மட்டும் யாரும் எடுக்கக் கூடாது. உன் அக்கா மேல் ஆணையாகக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆதிகேசவன்


அம்மையார்குப்பம்
5.8.2024

ஆதிகேசவன் அவர்களுக்கு,

அம்மா சுகம். நான் சுகமில்லை. டிரான்ஸ்பார்மர் வராததால் ஆடிக் கிருத்திகை மேடை கைவிட்டுப் போனது. வாடகை ஆம்ப்ளிஃபயரில் வாசிக்க மனமில்லாமல் குழுவிடம் வரவில்லை என்றுவிட்டேன். காவடிக் கூட்டம் ஊரைத் தாண்டிப் போனதை வாசலில் நின்று பார்த்தேன்.

உங்கள் போனை வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. வாய்ப்பேச்சு வாணாம் என்று விதி போட்டவர் நீங்கள். ஒரு ஒயருக்காக ஒன்பது போன் ஏன் என்று இரண்டரை மாதமாக யோசிக்கிறேன். டிரான்ஸ்பார்மருக்காகப் படிக்கப் போய் ஒன்று தெரிந்துகொண்டேன். எர்த் சரியாக இருந்தால் மோட்டாரில் லீக் ஆனாலும் கரண்ட் பூமிக்கு ஓடி பியூஸ் போய்விடும். ஆளைக் கொல்லாது. நைனா போன அன்று பார்க்க வந்தவர்கள் எர்த் மாட்டித்தான் இருக்கிறது என்றார்கள். அதனால்தான் எல்லோரும் உங்கள் காயிலைக் குற்றம் சொன்னோம். அப்படியென்றால் நைனா எப்படிச் செத்தார்?

எதிர்வீட்டு கெங்கம்மாளிடம் போய்க் கேட்டேன். "ஆங், அன்னிக்கு ஊட்டுக்கு வந்திருந்த உங்க பாவா, அக்கா புருசன்தான் மொதல்ல உள்ள போனாரு. ஐயாவைத் தூக்கி வெளிய போட்டுட்டு மறுபடியும் உள்ள போனாரு. போர்டாண்ட நின்னு ஸ்குரு டிரைவரால இன்னாமோ பண்ணிகினு இருந்தாரு" என்றாள். மூன்று வருஷமாக அவளை யாரும் கேட்கவில்லையாம், அவளும் சொல்லவில்லையாம்.

செத்த வீட்டில் போர்டைத் திறந்து என்ன செய்தீர்கள்? எதை மறைத்தீர்கள்? ஐப்பசியில் நைனாவுக்குத் திதி. சபை கூடும். அதற்குள் பதில் வேண்டும்.

சிங்காரம்


திருத்தணி
20.9.2024

சிங்காரத்துக்கு,

சுகம், சுகமறிய ஆவல். டிரான்ஸ்பார்மரை டவுன் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பத்து நாள் மெக்கர் வைத்துப் பார்த்தாயிற்று. கறுப்பு ஒயர் பொது முனை. மஞ்சள், நீலம், பிரவுன் மூன்றும் வரிசையாக இருநூறு, இருநூற்று முப்பது, இருநூற்று ஐம்பது. இரண்டு சிவப்பு வால்வுக்கு, நடுவில் வெள்ளை. தடித்த ஒயர் இரண்டும் ஆறு வோல்ட்.

பச்சை எர்த்துக்கு. அதை மாட்டாமல் ஓட்டாதே.

நீ கேட்ட மற்றதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆதிகேசவன்


அம்மையார்குப்பம்
1.10.2024

ஆதிகேசவன் அவர்களுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

டிரான்ஸ்பார்மர் வந்தது. மாட்டினேன். பாடுகிறது. வேலையில் குறை சொல்ல முடியாது, அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லையாம், பச்சை ஒயருக்கு மட்டும் உத்தரவாம்! அந்த ஒயர்மேல் உங்களுக்கு என்ன அவ்வளவு அக்கறை? என் நைனாவைக் கொன்றுவிட்டு போர்டை நோண்டின கை சொல்கிற ஒயரை நான் எதற்கு மாட்ட வேண்டும்? அதற்குள் என்ன சூது வைத்திருக்கிறீர்களோ, யார் கண்டது?

அடியோடு வெட்டிவிட்டேன். போர்டிலும் எர்த்தைக் கழற்றிவிட்டேன். ஹம் சுத்தமாக நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை குழு முழுவதும் ஷெட்டுக்கு வருகிறார்கள். முழுச் சத்தத்தில் வாசிக்கப் போகிறேன். திதி அன்று கெங்கம்மாளைச் சபையில் நிறுத்துகிறேன்.

சிங்காரம்


திருத்தணி பஸ் ஸ்டாண்டு
5.10.2024, சனிக்கிழமை

மச்சான்,

உன் கடிதம் பதினோரு மணிக்கு வந்தது. கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு பஸ்ஸுக்கு நின்றுகினு எழுதுகிறேன். இதைத் தபாலில் போட நேரமில்லை. உன் ஷெட்டு பியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு, இதை அத்தை கையில் கொடுத்துவிட்டுத்தான் போவேன். நீ இருந்தாலும் உன்னோடு பேச மாட்டேன். பேசினால் அழுதுவிடுவேன், போன தடவை மாதிரி.

கெங்கம்மாள் சொன்னது உண்மை. மாமாவைத் தூக்கி வெளியே கிடத்தியதும், பியூஸ் ஏன் போகவில்லை என்று போர்டைப் போய்ப் பார்த்தேன். எர்த் ஒயர் ஆணியில் இல்லை. வெளியே எடுத்து, முனையில் மஞ்சள் டேப் சுற்றியிருந்தது. அந்த மஞ்சள் டேப்பை நம் இரண்டு வீட்டிலும் வாங்குகிறவன் ஒருத்தன்தான், தன் கிதார் ஒயருக்கு. கார்த்திகைக் கச்சேரிக்கு நீ ஷெட்டில் பழகிக்கொண்டிருந்த சமயம் அது.

உன் பிளக்குக்குப் போகிற எர்த்தைத்தான் எடுத்தோம் என்று நினைத்திருப்பாய். அந்த ஷெட்டில் எர்த் ஒன்றுதான், மச்சான். உன் பிளக்குக்கும் தறி மோட்டாருக்கும் அதே ஆணியிலிருந்துதான் போகிறது. அது உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தொட்டிருக்க மாட்டாய்.

ஜனம் வருவதற்குள் டேப்பைப் பிரித்து ஒயரை மாட்டிவிட்டேன். அப்பனைக் கொன்றவன் என்று உன்னை ஊர் சொல்லக் கூடாது என்று அந்த நிமிஷம் தோன்றியது. அது என் தலையில் வந்து விடியும் என்று யோசிக்கவில்லை. மோட்டாரில் லீக் இருந்ததும் நிஜம். மழைத் தண்ணீர் இறங்கியதா, நான் வைத்த பேப்பர் விலகியதா என்று இன்றுவரை தெரியாது. அதனால் போனில் அழுததும் பொய்யில்லை.

அந்த டேப்பைத் தகர டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தேன். என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தால் எடுத்துக் காட்டலாம் என்றுதான். நானும் அவ்வளவு நல்லவனில்லை. இன்று இதோடு வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்துக்குக் கார்பன் வைக்கவில்லை. படித்துவிட்டு அடுப்பில் போடு.

எர்த்தை மாட்டு.

ஆதிகேசவன்


அம்மையார்குப்பம்
21.10.2024

அன்புள்ள பாவாவுக்கு,

நீங்கள் சுகமா? அக்கா சுகமா? இருவரையும் கேட்கிறேன்.

பதினைந்து நாளாக ஷெட்டில் கரண்ட் இல்லை. தறி நிற்கிறது. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஷெட்டுக்கே சோறு கொண்டுவந்து வைக்கிறாள்.

கழற்றியது ஞாபகம் இருக்கிறது, பாவா. டேப் சுற்றியதும் ஞாபகம் இருக்கிறது. காரியமெல்லாம் முடிந்து ஷெட்டைத் திறந்தபோது ஒயர் ஆணியில் இருந்தது. நானேதான் திரும்ப மாட்டியிருக்கிறேன் என்று நம்பிவிட்டேன். அதற்கப்புறம் யார்மேல் வேண்டுமானாலும் சந்தேகப்பட எனக்குத் தைரியம் வந்துவிட்டது. உங்கள் பேச்சை ரெக்கார்டு பண்ணின அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

கடிதத்தை அடுப்பில் போடவில்லை. திதி அடுத்த மாதம் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அந்த முப்பது பேரையும் கூப்பிட்டிருக்கிறேன். அக்காவோடு வாருங்கள். பியூஸ் கட்டையையும் கொண்டு வாருங்கள். நீங்கள் எர்த்தைப் பார்த்துவிட்டு மாட்டினால்தான் அந்த ஷெட்டில் கரண்ட்.

உங்கள் மச்சான்
சிங்காரம்


திருத்தணி
18.11.2024

தம்பி சிங்காரத்துக்கு,

அக்கா பிரபாவதி எழுதுவது. நாங்கள் சுகமாக வந்து சேர்ந்தோம். அம்மா கொடுத்த தைலம் கேட்கிறது. நேற்று பாதி மலைப்படி ஏறி இறங்கினேன்.

சபையில் நீ ஒவ்வொரு கடிதமாக எடுத்துப் படித்தபோது நான் சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்திருப்பார்கள். எனக்கும் அங்கேதான் தெரியும், தம்பி. இவர் என்னிடம்கூடச் சொல்லவில்லை. மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, என் நைனாவைக் கொன்ற கை என்று நினைத்துத்தான் இவர் கைக்குச் சோறு போட்டேன். ஒரு நாள்கூட வாய்விட்டுக் கேட்கவில்லை. இவரும் ஒரு நாள்கூட, "நான் இல்லடி" என்று சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது, "ஏன்யா சொல்லலை?" என்று கேட்டேன். "சொன்னா நீ தம்பி உறவையே ஆயுசுக்கும் அறுத்துடுவ. பழி எம்மேலன்னா கோவத்தோடயாவது என்கூட வீட்டுலயே இருப்ப" என்றார். அதைக் கேட்டு நான் அழுதது அரக்கோணம் ரோடு வரைக்கும் நிற்கவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆறுவதற்கு நாளாகும். ஆறும். நீ எழுந்து நின்று படித்தாயே, அதற்காக ஆறும்.

இத்தோடு ஒரு முழம் பச்சை ஒயர் வைத்திருக்கிறேன். நீ வெட்டினது குட்டையாகிப் போனதாம், இதை ஒட்டவைத்து ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் மாட்டச் சொன்னார். மாட்டிவிட்டு மறக்காமல் ஒரு வரி எழுதிப் போடு. போனில் சொன்னால் நம்ப மாட்டாராம், காயிதத்தில்தான் வேண்டுமாம். நான்கு நாளாகத் தபால்காரர் வரும் நேரத்துக்குக் கடை வாசலில் வந்து நிற்கிறார். இன்னும் நான் இந்தக் கடிதத்தையே போடவில்லை என்று அவருக்குத் தெரியாது.

அக்கா
பிரபாவதி